பெலிசியன் சேரும் பூமணி அக்காவின் நூதனசாலையும்

நான் இளைப்பாறி ஒரு வருடமாகிறது. உடனே ஊன்றுகோல் பிடித்த கிழவியை நினைத்துக்கொள்ள வேண்டாம். சேவைக்காலம் இருபது வருடம் நிறைந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். தலையில் இருக்கும் நரைகூட அரசாங்கச் சேவையில் வந்ததுதான். அதற்குத் தனிக் கொடுப்பனவு கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கந்தோரில் என் கதிரையில் இப்போது இருக்கும் தங்கை போன மாதம் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, ஒரு நூதனசாலைக்காரங்க கழிச்ச டிரக்டர் ஒண்டு கேக்காங்க. கம்பியூட்டரில 'நன்கொடை பெறத் தகுதியுடையது' எண்டு ஒரு பெட்டி இரிக்கி. ஓம் போடவா, இல்ல போடவா?"

"போய்ப் பாத்தயா?"

"படம் அனுப்பிரிக்காங்க அக்கா. நல்ல வடிவான படம்."

"படத்துக்கா டிரக்டர் குடுக்கப் போறாய்?"

அவள் சிரித்தாள். "பெலிசியன் சேர் மாதிரியே கதைக்கயள். அப்ப அந்தப் பாதை விசயத்தை எழுதித் தாங்க, எங்கட ஆண்டு மலருக்கும் ஆகும்" என்றாள். ஆண்டு மலருக்குப் பக்கம் போதவில்லை என்பதைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.

நான் வெல்லாவெளிப் பக்கத்தாள். எனக்கு முன் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவர்கள் உண்டு. வேலி கட்டவும் கூரை வேயவும். படிக்கத் தாண்டியவள் நான்தான் முதல். கந்தோரில் வேலை கிடைத்தபோது ஒழுங்காக மடிப்பு வைத்த சேலையும், சட்டைப்பையில்லாத குறைக்குக் கையிலேயே பிடித்த மைப்பேனையுமாகத்தான் பஸ் ஏறுவேன். அப்பா வயல் வட்டையில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கும்போது, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "மகள் இல்லாட்டி மட்டக்களப்பில கந்தோர் திறக்காங்க இல்ல" என்று சொல்வாராம். நான் அதை மறுக்கவில்லை. கதவுத் திறப்பு காவலாளியிடம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அது சின்ன விசயம்.

என்னைப் போட்டது கழிவுப் பொருள் பகுதியில். அரசாங்கத்தின் கதிரை, மேசை, வாகனம், வாளி எதுவானாலும் தன் இஷ்டத்துக்குச் சாக முடியாது. அதிகாரிகள் சபையாகப் போய், பொருளைக் கண்ணால் பார்த்து, பாவிக்கலாமா, திருத்தலாமா, கழிக்கலாமா என்று எழுத வேண்டும். கழித்ததை ஏலத்தில் விற்கலாம், அழிக்கலாம், அல்லது தகுதியான இடத்துக்கு இனாமாகக் கொடுக்கலாம். இந்த மூன்றாவது வழிதான் எங்களுக்குத் தலையிடி. கொடுக்கிற பொருளைவிட, வாங்குகிறவரைப் பரிசோதிப்பது கஷ்டம்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பு பெலிசியன் சேர். டவுனில் பறங்கியர் குடும்பம். மெலிந்த, உயர்ந்த மனிதர். வீட்டில் போர்த்துக்கீசம், கந்தோரில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் இல்லாத ஒரு மௌனம். எந்தப் பொருளையும் இரண்டு விரலால் தொட்டுவிட்டுத்தான் அடையாளம் இடுவார். "இருக்கும் சேர்" என்று யாராவது சொல்லிவிட்டால், "இரிக்கா, இல்லயா? ரெண்டில ஒண்டு சொல்லு மகள். 'இருக்கும்' எண்டு அரசாங்கத்தில ஒரு சாமானும் இல்ல" என்பார்.

நான் சேர்ந்து ஒரு வருடம் நிறையும் முன் சுனாமியாகக் கடல் வந்தது. தேற்றாத்தீவுப் பக்கத்தில் தொடங்கி, கரையோரம் முழுக்க உடைந்த கட்டடங்களுக்குள் இருவரும் நடந்தோம். ஒரு சின்னக் காரியாலயத்தில் சுவரே இல்லை. அலுமாரிகள் என்ன ஆயின என்ற இடத்தில் நான் 'கடல் கொண்டு போனது' என்று அழகாக எழுதினேன்.

"கடல் கொண்டு போறதை நீ கண்டயா மகள்?"

"இல்ல சேர்."

"அப்ப 'காணப்படவில்லை' எண்டு எழுது. கடலில குற்றம் சாட்ட எங்களுக்கு அதிகாரம் இல்ல."

அன்று அவர் அணிந்திருந்த காற்சட்டை யாரோ கொடுத்தது; காலில் இரண்டு மடிப்பு மடித்திருந்தார். அவருடைய வீடும் காணப்படாத பட்டியலில்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அதுதான். மிச்சமெல்லாம், வெளிநாடுகள் அன்போடு அனுப்பிய தடித்த கம்பளிக் கோட்டுகளை எண்ணி அடுக்கியது. மட்டக்களப்பு வெயிலில் அவற்றைப் பார்த்தாலே வியர்க்கும்.

இனி பாதைக்கு வருகிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பாலம் இல்லாத துறைகளில் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக் கடக்கும் அகலமான இரும்புத் தெப்பத்தைத்தான் நாங்கள் பாதை என்போம். மண்டூருக்குத் தள்ளி ஒரு ஊர். பெயரைச் சொன்னால் 'எங்களை ஏன் எழுதின' என்று சண்டைக்கு வருவார்கள், சொல்லாவிட்டால் 'ஏன் எழுதல்ல' என்று வருவார்கள். சொல்லாமலே விடுகிறேன். அந்த ஊர்த் துறையில் ஒரு பாதை இருந்தது. கடல் வந்த அன்று எழுவான்கரைச் சனத்தை அள்ளிப் படுவான்கரையில் விட்டது அது. இரண்டு வருடம் கழித்து ஷெல் விழத் தொடங்கியபோது, படுவான்கரைச் சனத்தை அள்ளி எழுவான்கரையில் விட்டதும் அதுதான். இரண்டு தடவையும் அதை ஓட்டியவர் ஒருவரே: பூமணி அக்காவின் புருஷன். கடலும் போரும் தொடாத மனிதர், போர் முடிந்த பிறகு சாதாரணக் காய்ச்சலில் போனார்.

அதன் பின் துறைக்கு இயந்திரம் பூட்டிய புதுப் பாதை வந்தது. பழையதைச் சபை பார்த்தது. அடித்தட்டில் ஓட்டை, விளிம்பில் துரு. 'பாவனைக்கு உதவாது' என்று பெலிசியன் சேர் கையெழுத்து வைத்தார். போர் முடிந்த கையோடு எங்கள் பக்கமெல்லாம் பழைய இரும்பு வாங்கும் லொறிகள் சுற்றிய காலம் அது. டவுன் இரும்பு முதலாளி ஒருவர் ஏலத்துக்கு முன்பே வந்து பாதையைச் சுற்றி நடந்து, எங்கே வெட்டினால் லொறியில் ஏறும் என்று சுண்ணாம்பால் கோடு கீறிவிட்டுப் போனார்.

அந்தக் கோடுகளைப் பார்த்த கையோடு பூமணி அக்கா கந்தோருக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், குரல் வாவியின் அக்கரைக்குக் கேட்கும்.

"புள்ள, எங்கட மியூசியத்துக்கு அந்தப் பாதையைத் தாங்க."

"என்ன மியூசியம் அக்கா?"

"என்னகா, கந்தோரில இரிக்காய், எங்கட மியூசியம் தெரியாதா? துறையடியில பழைய சங்கக் கடையில இரிக்கி. நான்தான் பொறுப்பு."

"ஏன் அக்கா அந்தத் துருப் பிடிச்சதைக் கேக்கயள்?"

"அதை வெட்டினாங்கண்டா எனக்குச் சோறு இறங்காது" என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

நூதனசாலைக்கு இனாம் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் எது நூதனசாலை? இலாபத்துக்கு நடத்தக்கூடாது. குறித்த நாளில் குறித்த நேரத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அதையே வேலையாகக் கொண்ட பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். பொருள்கள் அதன் பாதுகாப்பில் இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் பாதை. இல்லாவிட்டால் முதலாளியின் சுண்ணாம்புக் கோடு.

முதலில் நான் தனியே போய்ப் பார்த்தேன். கோயில் திருவிழா முடிந்த வாரம். வாசலில் ஒரு பலகை: 'பூமணி வீட்டில் இருக்கும் நேரம் திறந்திருக்கும்.' அதை அழித்து, செவ்வாய் தொடக்கம் ஞாயிறு வரை, காலை முதல் மாலை வரை என்று எழுத வைத்தேன். உள்ளே பெரிய செப்புக் கிடாரம், நெல் அளக்கும் பழைய மரைக்கால், ஆளுயரக் குத்துவிளக்கு, மீன் கரப்பு, இன்னும் பலதும் துடைத்துத் துலக்கி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்தக் குடியார் கொடுத்தது என்று எழுதியிருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் பக்கத்து ஊரல்லவா. 'எல்லாம் நேரில் பார்வையிடப்பட்டன; தகுதியுடையது' என்று பரிந்துரை எழுதினேன். நான் தனியே எழுதிய முதல் பரிந்துரை. எழுத்தும் அன்று மிக வடிவாக வந்திருந்தது.

பெலிசியன் சேர் அதை வாசித்துவிட்டு, "எழுத்து நல்லம். நானும் வாறன்" என்றார்.

நாங்கள் போனது ஆவணியில். கல்யாண மாதம், வேளாண்மை வெட்டும் காலம். பூமணி அக்கா வாசலிலேயே நின்று வரவேற்றார். உள்ளே போனோம்.

பாதி நூதனசாலை காலி. கிடாரம் இருந்த இடத்தில் தூசிக்கு நடுவே ஒரு வெறும் வட்டம். மரைக்கால் இல்லை. குத்துவிளக்கு இல்லை. சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போர்த்துக்கீசமும் தமிழும் இல்லாத அந்தப் பார்வை.

"கிடாரம் எங்க தங்கச்சி?"

"கல்யாண வீட்டில சேர்."

"ஆர் கொண்டு போன?"

"அவங்கட கிடாரம்தானே சேர். அவங்கட குடியார் தந்தது. மியூசியத்துக்குத் தந்தா, கல்யாணத்துக்குப் பாயாசம் காய்ச்சப்படாதா?"

"மரைக்கால்?"

"வட்டையில. புதுநெல்லை அந்த மரைக்காலால முதல்ல அளந்தாத்தான் அவங்களுக்குத் திருப்தி."

"விளக்கு?"

"அது பெரியபுள்ள ஆன வீட்டில."

"எல்லாம் திரும்பி வரும் எண்டு சொல்றயள்."

"வரும்தானே சேர்?" என்று பூமணி அக்கா என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் கொடுத்து அனுப்பியதுபோல. எனக்கு என் வடிவான எழுத்து கண்ணுக்குள் நின்றது.

"வரும் எண்டு எழுத ஏலாது" என்றார் சேர். "இருக்கிற இடத்துக்குப் போவம்."

அந்த நடையை நான் மறக்கவே மாட்டேன். முன்னால் பூமணி அக்கா, பின்னால் குடை பிடித்த சேர், அதற்குப் பின்னால் சேலைக் கரையில் சேறு தெறிக்க நான். கல்யாண வீட்டில் கிடாரத்துக்குள் பாயாசம் கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கப்படி இரண்டு விரலால் தொடப் போனார் சேர்.

"ஐயோ சேர், சுடும்!" என்று கத்தினார் சமையல்காரர். சேர் விரலை ஊதிக்கொண்டே, "இரிக்கி" என்றார். அடையாளம் இட்டேன். பாயாசம் குடிக்காமல் விடமாட்டோம் என்றார்கள். பொருளின் நிலையை அறிய அதுவும் ஒரு வழி என்று சேர் ஒத்துக்கொண்டார்.

வட்டையில் சூடு மிதித்த களத்தில் மரைக்கால் நெல்லுக்குள் அமிழ்ந்திருந்தது. "இது மியூசியத்துச் சாமான், பாத்துத் தொடுங்க" என்று எங்களையே அதட்டினார் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார். பூப்படைந்த பிள்ளையின் வீட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, அங்கேயும் பலகாரம். கரப்பு மட்டும் அக்கா சொன்ன வீட்டில் இல்லை. சேர் முகம் இறுகியது. வீட்டுக்காரி வாவியைக் காட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கரப்புக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். சேர் கரையில் நின்றே கேட்டார்: "தம்பி, அது மியூசியத்துக் கரப்பா?"

"ஓம் சேர்! மீனும் காட்டவா?"

மாலையில் ஜீப்பில் திரும்பினோம். நான் பரிந்துரையைக் கிழிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எங்கட கந்தோர்க் களஞ்சியத்தில மூண்டு பூட்டுப் போட்டிரிக்கம்" என்றார் கடைசியில். "வருசா வருசம் அதுக்குள்ள இருந்து சாமான் காணாமப் போகுது. இஞ்ச ஒரு கதவும் பூட்டல்ல, ஊரெல்லாம் திரியுது, ஒண்டும் குறையல்ல. இதுக்குப் பாதுகாப்பு எண்டு பேர் இல்லாட்டி வேற என்ன பேர் மகள்?"

"அப்ப தகுதி இரிக்கா சேர்?"

"பொறுப்பாளர் முழுநேரமா எண்டு கேட்டயா?"

"கேட்டன் சேர். 'இல்ல, சோறும் ஆக்கிறன்' எண்டாங்க."

அவர் சிரித்ததை அன்றுதான் முதல்முறை கண்டேன்.

பாதை இனாமாகப் போனது. நிபந்தனைகளை எழுதியது நான், பெருமையோடு எழுதினேன். எப்போதும் நல்ல நிலையில் பேண வேண்டும். காட்சிக்கு மட்டுமே வைக்க வேண்டும். அதைக் கொண்டு வருமானம் தேடக்கூடாது. மீறினால் மீளப்பெற்று ஏலத்தில் விடப்படும். ஊரே கயிறு கட்டி இழுத்து, நூதனசாலைக்கு முன் மரக்குற்றிகளின்மேல் அதை ஏற்றியது. அருகில் 'தொடவேண்டாம்' என்று பலகையும் நட்டார்கள். அதன் நிழலில் ஆடுகள் படுத்தன. ஆடுகளுக்கு வாசிக்கத் தெரியாது என்றார் பூமணி அக்கா.

அடுத்த மாரியில் பெருவெள்ளம். படுவான்கரை வீதிகள் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. புதுப் பாதையின் இயந்திரத்துக்குள் சேறு போய் அது படுத்துவிட்டது. அந்த வாரமே இரும்பு முதலாளியின் முறைப்பாடு வந்தது: நூதனசாலைக்குக் கொடுத்த அரசாங்கப் பாதை துறையில் ஆட்களை ஏற்றி ஓடுகிறது, நிபந்தனை மீறப்பட்டுள்ளது, மீளப்பெற்று ஏலம் விடவும். கோபத்தோடு வாசித்தேன். கோபத்துக்குக் காரணம், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது.

"போய்ப் பாப்பம்" என்றார் சேர்.

நிவாரண லொறியில் ஏறித் துறைக்கு இக்கரை வரை போனோம். அதற்கு அப்பால் வீதி இல்லை, வேலி இல்லை, தண்ணீர்தான். தூரத்தில் பாதை வந்துகொண்டிருந்தது. ஒரு முனையில் இரண்டு பேர் கம்பு ஊன்றினார்கள். மறு முனையில் பூமணி அக்கா. நடுவே அரிசி மூட்டை, சைக்கிள், ஆடு, வயிறு தள்ளிய ஒரு பெண். விளிம்பில் 'தொடவேண்டாம்' பலகை இன்னும் கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் இறங்கினார்கள். அந்தப் பெண்ணை லொறிக்காரர் முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டார்.

"ஏறுங்க சேர்" என்றார் பூமணி அக்கா.

"காட்சிப் பொருளில ஏறப்படாது."

"அப்ப நீந்துங்க."

சேர் தண்ணீரைப் பார்த்தார். நூதனசாலை அக்கரையில். பார்க்காமல் எழுத மாட்டார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். கோப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

விசாரணை தண்ணீரின்மேல் தொடங்கியது.

"ஆர் இதை எடுத்த?"

"ஆரும் எடுக்கல்ல சேர். தண்ணி வந்திச்சு, அது தானா ஒழும்பிச்சு. நாங்க ஏறினம், அவ்வளவுதான்."

"காசு வாங்கினயளா?"

"ஒரு கிழவர் வாழைக்குலை தந்தார். அதையும் ஆடு திண்டிட்டு."

"எப்பிடி மிதக்குது? பாவனைக்கு உதவாது எண்டு நான்தானே கையெழுத்து வெச்சன்?"

"இந்தப் புள்ளதான் எழுதித் தந்தது, நல்ல நிலையில வெச்சிரிக்கோணும் எண்டு. இல்லாட்டிப் புடுங்கிருவாங்க எண்ட பயத்தில ஓட்டையெல்லாம் அடைச்சு, ரெண்டு தரம் தார் பூசினம்."

சேர் என் பக்கம் திரும்பினார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"காட்சிக்கு மட்டும் எண்டும் எழுதித் தந்தது, தங்கச்சி."

பூமணி அக்கா கம்பை ஊன்றி, இழுத்து, மறுபடி ஊன்றினார். பிறகு அந்தப் பெரிய குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"அவர் இரிந்தாலும் எடுத்திரிப்பார் சேர். பிழை எண்டா எழுதுங்க. வெட்டுறதெண்டாலும் வெட்டுங்க. தண்ணி வத்தின மறுகா வெட்டுங்க. அங்கால இன்னும் சனம் நிக்கிது."

அக்கரை மேட்டில் நின்றவர்கள் எங்களைக் கண்டு கை அசைத்தார்கள். சேர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுது மகள்" என்றார்.

முழங்காலில் கோப்பை வைத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். 'பொருள் நேரில் பார்வையிடப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது. வருமானம் எதுவும் பெறப்படவில்லை. மீளப்பெற வேண்டிய காரணம் காணப்படவில்லை.'

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சேர், எந்த இடத்தில வெச்சுப் பாத்த எண்டு எழுதோணும்."

அவர் நான்கு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கமும் தண்ணீர்தான்.

"நூதனசாலையில் எண்டு எழுது" என்றார்.